டெண்டர் விடாமல் கொடுத்த வேலை

லண்டனில் 24 மாடிக் கட்டிடம் ஒன்றைக் கழற்றும் வேலையை 2025 செப்டம்பரில் தொடங்கினார்கள். வெடி வைத்துத் தகர்க்கவில்லை. மேலிருந்து கீழாக, மாடி மாடியாக எடுக்கும் வேலை. முடிய சுமார் இரண்டு வருஷம் பிடிக்கும் என்று கணக்கு சொன்னார்கள்.

கிரென்பெல் டவர் என்று அந்தக் கட்டிடத்துக்குப் பெயர்.

2017-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி நள்ளிரவுக்குப் பிறகு அதில் தீ மூண்டது. 72 பேர் பலியானார்கள். அவர்களில் 18 பேர் குழந்தைகள். கட்டிடம் முழுவதும் ஒரே தீப்பந்தமாக நின்ற காட்சியை உலகமே டெலிவிஷனில் பார்த்துப் பதறியது.

தீ எங்கே தொடங்கியது? நாலாவது மாடியில், ஒரு வீட்டு சமையலறையில், பிரிட்ஜில்.

இரவு 12.54 மணிக்கு தீயணைப்பு நிலையத்துக்கு முதல் போன் வந்தது. 1.27-க்குள் நெருப்பு மொட்டை மாடியைத் தொட்டுவிட்டது. அரை மணிக்கு மேலே சில நிமிஷம், அவ்வளவுதான்.

ஒரு பிரிட்ஜ் எரிந்தால் ஒரு சமையலறை எரியும். மிஞ்சிப் போனால் ஒரு வீடு எரியும். 24 மாடி எப்படி எரிந்தது? அதுவும் கான்கிரீட் கட்டிடம். 1974-ல் கட்டி முடித்து, 40 வருஷத்துக்கு மேல் நின்ற கட்டிடம்.

எரிந்தது கான்கிரீட் அல்ல. அதன் மேல் புதிதாக மாட்டிய சட்டை. 2016-ல்தான் மாட்டி முடித்தார்கள். துணி எடுத்தது யார், அளவு எடுத்தது யார், தைத்தது யார் என்று விசாரணைக் கமிஷன் வருஷக்கணக்கில் நோண்டியது. நோண்ட நோண்ட, 2012-ம் வருஷத்து ஆபீஸ் பைல் ஒன்றில் போய் நின்றது.

யாருக்கு வேலை கொடுப்பது என்ற பைல். டெண்டர் விடாமலே முடிந்துபோன பைல்.

பணக்காரப் பேட்டையில் ஏழை மாடி

கென்சிங்டன்-செல்சி என்பது லண்டனிலேயே பணம் புழங்கும் பகுதி. அதன் வடக்கு மூலையில் கவுன்சில் கட்டிக்கொடுத்த வாடகைக் குடியிருப்புகள் இருக்கின்றன. கவுன்சில் என்றால் அந்த ஊர் நகராட்சி. கிரென்பெல் டவரும் அவர்களுடைய சொத்துதான்.

ஆனால் வாடகை வாங்குவது, ரிப்பேர் பார்ப்பது, லிப்ட் ஓடுகிறதா என்று கவனிப்பது எல்லாம் 1996 முதல் வேறொரு அமைப்பின் கையில் இருந்தது. குடியிருப்போர் நிர்வாக அமைப்பு என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டால் குடியிருப்பவர்களே கூடி நடத்துகிற சங்கம் போல் இருக்கும். ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்த்துக்கொண்ட பெரிய ஆபீஸ் அது. பணம் கவுன்சிலுடையது. நிர்வாகம் இவர்களுடையது. குடியிருப்பவர் ஒரு புகாரோடு போனால் இங்கும் அங்கும் அலைய வேண்டியதுதான்.

2012 வாக்கில் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே புது பள்ளிக்கூடமும் விளையாட்டு நிலையமும் கட்டும் திட்டம் வந்தது. பளபளவென்று புதுக் கட்டிடம் எழும்பும்போது பக்கத்தில் அழுது வடியும் பழைய கான்கிரீட் நிற்பதா? அதையும் கையோடு புதுப்பித்துவிடலாம் என்று முடிவாயிற்று. புது ஜன்னல், புது ஹீட்டர் ஏற்பாடு, சுவருக்கு வெளியே குளிர் தாங்க ஒரு போர்வை.

திட்டம் தப்பான திட்டம் அல்ல. குளிர் நாட்டில் வீடு கதகதப்பாக இருக்க வேண்டாமா?

பக்கத்து வீட்டு மேஸ்திரி

பள்ளிக்கூடத்துக்கு பிளான் போட்டது ஸ்டுடியோ ஈ என்ற ஆர்க்கிடெக்ட் கம்பெனி. கட்டும் வேலை லெட்பிட்டர் என்ற காண்டிராக்ட் கம்பெனிக்கு.

"அதே ஆளுங்க பக்கத்திலேயே இருக்காங்க. அவங்களே இதையும் முடிச்சிட்டா என்ன?"

இந்த நினைப்பு எந்த வீட்டில் வராது? பக்கத்து வீட்டில் மேஸ்திரி வேலை செய்துகொண்டிருப்பார். சாரம் இருக்கும், சித்தாள் இருக்கும், மணல் கொட்டிக் கிடக்கும். "அண்ணே, அப்படியே நம்ம வீட்டு சுவரையும் பூசிடுங்க" என்று சொல்வதில் என்ன குற்றம்? நேரம் மிச்சம். தெரிந்த ஆள். நாளைக்கு ஒரு வெடிப்பு விட்டாலும் கூப்பிட்டுக் கேட்கலாம்.

சொந்த வீட்டுக்கு அது சரி. காசும் அவருடையது, கூரையும் அவருடையது. சரியாக அமையாவிட்டால் அவர் தலையில்தான் விழும். அடுத்தவர் காசில், அடுத்தவர் குடியிருக்கும் கூரைக்கு ஆள் பிடிக்கும்போது ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும்.

"இந்த மாதிரி வேலையை இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

ஸ்டுடியோ ஈ பள்ளிக்கூடங்களுக்கும் விளையாட்டு நிலையங்களுக்கும் பிளான் போட்ட கம்பெனி. ஆட்கள் குடியிருக்கும் ஓர் உயரமான அடுக்குமாடிக்கு வெளிப்போர்வை போட்ட அனுபவம் அதற்குக் கிடையாது. ஒரு கட்டிடம்கூட இல்லை.

கம்பெனி இதை மறைக்கவும் இல்லை. மறைக்கத் தேவையே ஏற்படவில்லை. போட்டி இருந்தால்தானே அனுபவப் பட்டியல் கொடுக்க வேண்டும்? பட்டியல் கொடுத்தால்தானே நாலு கம்பெனியோடு வைத்துப் பார்ப்பார்கள்?

பின்னால் விசாரணையில் அந்தக் கம்பெனியின் தலைவரிடம் இதைக் கேட்டார்கள். பகிரங்கப் போட்டி வைத்திருந்தால் உயரமான குடியிருப்பு அனுபவம் இல்லாததால் தேறியிருக்க மாட்டோம் என்ற பொருளில்தான் அவர் பதில் வந்தது. கேட்டது 2020-ம் வருஷம். கேட்டிருக்க வேண்டியது 2012-ல்.

1 லட்சத்து 74 ஆயிரம்

டெண்டர் விடாமல் எப்படிக் கொடுக்க முடிந்தது? சட்டம் இல்லையா?

இருந்தது. அப்போது பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பில் இருந்த காலம். அரசுப் பணத்தில் வாங்கும் சேவைக்கு ஒரு தொகை எல்லை வைத்திருந்தார்கள். சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம் பவுண்ட். அதைத் தாண்டினால் ஐரோப்பிய அரசிதழில் விளம்பரம் கொடுத்து, வருகிற எல்லோரையும் பரிசீலித்துத்தான் ஆள் எடுக்க வேண்டும். தாண்டாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டுடியோ ஈக்கு வரவேண்டிய கட்டணம் அந்த எல்லையைத் தாண்டும் போல இருந்தது.

என்ன செய்தார்கள்? முதல் கட்டத்தில் எல்லைக்குக் கீழே ஒரு தொகையோடு நிறுத்திக்கொள்வது, மீதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்வது என்று கம்பெனியோடு பேசி முடித்தார்கள். கம்பெனியும் ஒத்துக்கொண்டது.

ஆபீசில் பில் பாஸ் செய்கிறவர்களுக்கு இந்த வித்தையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாயிரத்துக்கு மேல் போனால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றால் ஒன்பதாயிரத்துக்கு ஒரு பில், எட்டாயிரத்துக்கு ஒரு பில் என்று இரண்டாகப் பிரிந்து வரும். நாற்காலி தனி, நாற்காலிக்குக் கால் தனி! இப்படிப் பிரிப்பதற்கு எதிராக பிரிட்டிஷ் சட்டத்திலும் விதி எழுதி வைத்திருந்தார்கள். ஏட்டில் இருந்தது.

2024 செப்டம்பர் 4-ந் தேதி விசாரணைக் கமிஷனின் இறுதி அறிக்கை வெளியானது. ஏழு பாகம், சுமார் 1,700 பக்கம். பகிரங்கப் போட்டியைத் தவிர்ப்பதற்காகவே ஆர்க்கிடெக்ட் நியமனத்தை அந்த நிர்வாக அமைப்பு வளைத்தது என்று அதில் எழுதியிருக்கிறது. யாரை நியமிக்கிறோம் என்பதில் போதிய கவனம் எடுக்கவில்லை என்றும் இருக்கிறது. நாசத்தில் ஸ்டுடியோ ஈக்கு மிகப் பெரிய பொறுப்பு உண்டு என்றும் சொல்லிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நியமனத்தில் யாரோ லஞ்சம் வாங்கினார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. சூட்கேஸ் கைமாறவில்லை. பினாமி இல்லை. தங்களுக்கு எது சுலபமோ அதைச் செய்தார்கள், அவ்வளவுதான். இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. லஞ்சம் வாங்கினவன் நாலு பேரைப் பார்த்துப் பயப்படுவான். சௌகரியத்துக்காக விதியை வளைத்தவருக்கு, தான் தப்பு செய்தோம் என்ற உறுத்தலே இருக்காது. இரவில் நிம்மதியாகத் தூங்குவார்.

டெண்டர் வந்தது, எப்படி வந்தது?

கட்டும் வேலையையும் முதலில் பக்கத்து வீட்டு ஆளுக்கேதான் கொடுப்பதாக இருந்தது. லெட்பிட்டர் கம்பெனி எஸ்டிமேட் போட்டது. ஒதுக்கிய தொகையை விட சுமார் 16 லட்சம் பவுண்ட் அதிகம்!

அப்போதுதான் ஞானம் பிறந்தது. 2013-ல் லெட்பிட்டரைக் கழற்றிவிட்டு டெண்டர் விட்டார்கள்.

அனுபவமில்லாத ஆர்க்கிடெக்ட் என்று தெரிந்து விட்ட டெண்டர் அல்ல இது. காசு கட்டுப்படியாகவில்லை என்பதற்காக விட்ட டெண்டர். ஆர்க்கிடெக்ட் அப்படியே இருந்தார். அவர் போட்ட பிளான் அப்படியே இருந்தது. எரியக்கூடிய செலோடெக்ஸ் இன்சுலேஷன் பலகை அவர் எழுதிக் கொடுத்த ஸ்பெசிபிகேஷனிலேயே இடம் பிடித்துவிட்டது. புது காண்டிராக்டர் வந்த பிறகு அதே ஆர்க்கிடெக்ட் அவருக்குக் கீழே வேலையைத் தொடர்ந்தார்.

வேலையை முன்னின்று பார்த்த ஆர்க்கிடெக்ட், அலுமினியத் தகடு தீப்பிடிக்கும் என்பதே அப்போது தனக்குத் தெரியாது என்று விசாரணையில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்தாருக்கு எப்படி இருந்திருக்கும்!

டெண்டரில் ரைடன் என்ற கம்பெனியின் விலைதான் குறைவு. சுமார் 92 லட்சம் பவுண்ட். அதுவும் போதவில்லை. இன்னும் சுமார் 8 லட்சம் குறைய வேண்டும் என்று நிர்வாக அமைப்பு கணக்கு வைத்திருந்தது.

முடிவை அறிவிக்கும் முன் ஒரு கம்பெனியோடு மட்டும் தனியே விலை பேசக் கூடாது. பேசினால் விதிமீறல் ஆகும் என்று வக்கீல்களே எச்சரித்தார்கள். 2014 மார்ச் 18-ந் தேதி பேசினார்கள். 'ஆப்லைன்' சந்திப்பு என்று அதற்குத் தங்களுக்குள்ளேயே ஒரு பெயர் வேறு வைத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் வராத பேச்சு. எங்கே வெட்டலாம், எதை மாற்றலாம் என்ற பேச்சு. இது முறைகேடான ரகசியப் பேச்சு என்று கமிஷன் அறிக்கை தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆக, டெண்டர் விடாமல் ஒரு தடவை. டெண்டர் விட்டு அதைப் பின்வாசல் வழியாக அவிழ்த்தது ஒரு தடவை. இரண்டு தடவையும் அந்த முதல் கேள்வி மேஜைக்கு வரவே இல்லை. முதல் தடவை கேட்க ஆள் இல்லை. இரண்டாவது தடவை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இன்னும் எவ்வளவு குறைப்பீங்க?"

பன்னுக்கு நடுவே வெண்ணெய்

வெளிச்சுவருக்கு முதலில் பேசியது துத்தநாகத் தகடு. விலை கூட. அதை வெட்டினார்கள். பதிலுக்கு வந்தது அலுமினியத் தகடு.

அலுமினியம் என்றால் வீட்டில் இருக்கும் பாத்திரம் நினைவுக்கு வரும். அது எங்கே எரியப்போகிறது என்று தோன்றும். இது அந்த அலுமினியம் இல்லை. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தகடு, நடுவே பாலிதீன். டீக்கடை பன்னைப் பிளந்து வெண்ணெய் தடவிய மாதிரி. பாலிதீன் பெட்ரோலியத்திலிருந்து வருகிற சரக்கு. சூடு ஏறினால் உருகும், ஒழுகும், எரியும். ஒழுகுகிற இடத்தில் கீழேயும் பற்றிக்கொள்ளும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி. அதற்குப் பின்னால் எரியக்கூடிய இன்சுலேஷன். அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைத்துக் கட்டினதுபோல ஆகிவிட்டது.

இந்த மாற்றத்தில் மிச்சம் எவ்வளவு?

ஒரு விதமாகப் பொருத்தினால் 2,93,368 பவுண்ட் மிச்சம் என்று நிர்வாக அமைப்புக்குச் சொல்லப்பட்டது. போர்வை மாட்டும் துணைக் காண்டிராக்டரான ஹார்லி கம்பெனி ரைடனுக்குச் சொன்ன மிச்சமோ 4,19,627 பவுண்ட். நடுவில் 1 லட்சத்து 26 ஆயிரம் எங்கே போயிற்று? இது விசாரணையில் குறுக்குக் கேள்வியில் வெளியே வந்த சங்கதி. கடைசியில் தகட்டைப் பொருத்தியது வேறு விதமாக. மிச்சக் கணக்கும் அதற்குத் தகுந்தபடி மாறியது. கவுன்சில் பணத்தில் நடக்கிற வேலையில், மிச்சப்பட்ட காசு எவ்வளவு என்பதே காசு கொடுத்தவருக்குச் சரியாகத் தெரியாது! விலையைக் குறைக்கத்தானே இவ்வளவு கூத்தும்?

பேரம் பேசத் தெரிந்த எந்தக் கடைக்காரரும் இப்படி ஏமாறமாட்டார். சரக்கை முகர்ந்து பார்ப்பார், எடை பார்ப்பார், பில்லைப் புரட்டிப் பார்ப்பார். தன் காசு அல்லவா!

எல்லாம் டெண்டரால்தானா?

டெண்டர் விடாததால்தான் தீ பிடித்தது என்று ஒரே வரியில் சொன்னால் அது நியாயம் ஆகாது. அறிக்கை பலரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. தகடு விற்ற ஆர்கோனிக், இன்சுலேஷன் விற்ற செலோடெக்ஸ், கிங்ஸ்பேன் ஆகிய கம்பெனிகள் தங்கள் சரக்கு எப்படி எரியும் என்பதில் நேர்மையாக நடக்கவில்லை என்று கடுமையாகச் சாடியிருக்கிறது. 2009-ல் லண்டனிலேயே லாக்கனல் ஹவுஸ் என்ற அடுக்குமாடியில் தீ விபத்து நடந்து 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அரசாங்கம் தூங்கியது. கட்டிட விதியைச் சரிபார்க்க வேண்டிய கவுன்சில் அதிகாரிகளும் கோட்டை விட்டார்கள்.

விசாரணை தொடங்கியபோது ஒவ்வொரு கம்பெனியும் அடுத்த கம்பெனியைக் கை காட்டியது. ஆர்க்கிடெக்ட் காண்டிராக்டரைக் காட்டினார். காண்டிராக்டர் துணைக் காண்டிராக்டரைக் காட்டினார். துணைக் காண்டிராக்டர் ஆர்க்கிடெக்டையே காட்டினார். தீ பாதுகாப்பு நிபுணரைக் கேட்டால், அவர் எழுதிய அறிக்கையை முடிக்கவே இல்லை. கமிஷனின் வக்கீலே இதை ராட்டினம் என்று கேலி செய்யும் அளவுக்குப் போயிற்று.

ஆனால் ராட்டினத்தில் ஒவ்வொருவரும் எப்படி ஏறினார்கள் என்று பார்த்தால் பதில் பழைய பைலில்தான் இருக்கிறது. எரியும் சரக்கை விற்கிறவன் எப்போதும் விற்கப் பார்ப்பான். உயரமான கட்டிடத்தில் நாலு தடவை கை சுட்டுக்கொண்ட ஆர்க்கிடெக்ட் நடுவில் நின்றிருந்தால், "இதோட டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டுய்யா" என்று கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. நிச்சயம் என்று சொல்ல முடியாது. வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை 1 லட்சத்து 74 ஆயிரத்துக்குக் கீழே நிறுத்தி அடைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் வாய் திறந்து கேட்டவர்கள் அந்த மாடியில் குடியிருந்தவர்கள்தான். வேலையின் தரம் சரியில்லை, தீ பாதுகாப்பு சரியில்லை என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்கள். பெரிய உயிர்ச்சேதம் நடந்தால்தான் இந்த நிர்வாகத்துக்குப் புத்தி வரும் என்ற அர்த்தத்தில் குடியிருப்போர் குழு ஒன்று 2016 நவம்பரிலேயே எழுதி வைத்தது. ஏழு மாசம் கூட ஆகவில்லை. புகார் கொடுப்பவர்களைத் தொல்லை பிடித்தவர்களாகப் பார்ப்பது எல்லா ஊர் ஆபீஸ்களுக்கும் பொது போல இருக்கிறது.

அவசரத்துக்கு என்ன செய்வது?

"எதற்கெடுத்தாலும் டெண்டர் என்றால் வேலை நடக்குமா?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளம் வந்து சுவர் சாய்ந்து நிற்கிறது. ராத்திரிக்குள் முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது விளம்பரம் கொடுத்து 30 நாள் காத்திருந்தால் சுவர் காத்திருக்காது. லிப்ட் கம்பெனிக்காரன் மட்டுமே விற்கிற உதிரி பாகத்துக்கு வேறு யாரிடம் விலை கேட்பது? இதற்கெல்லாம் நேரடியாக ஆளைக் கூப்பிட எல்லா நாட்டுச் சட்டத்திலும் இடம் விட்டிருக்கிறார்கள். விடத்தான் வேண்டும். டெண்டரிலேயே கள்ளக் கூட்டு வைத்து, நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டு விலை போடுகிற கூத்தும் உலகம் பூராவும் நடக்கிறது. டெண்டர் என்று சொன்னதும் எல்லாம் சுத்தமாகிவிடாது.

கிரென்பெல் அந்த ரகம் அல்ல. வெள்ளம் வரவில்லை. சுவர் சாயவில்லை. கட்டிடம் 38 வருஷமாகத் திடமாக நின்றது. பிளான் போட ஆர்க்கிடெக்டுகளுக்குப் பஞ்சம் உள்ள ஊரா லண்டன்? 2012-ல் பேச்சு தொடங்கிய வேலை 2016-ல்தான் முடிந்தது. நாலு வருஷம்! அந்த நாலு வருஷத்தில் ஒரு விளம்பரம் கொடுத்து, பத்து கம்பெனிகளின் அனுபவப் பட்டியலை வாங்கிப் பார்க்க நேரம் இல்லாமலா போயிற்று?

கடைசியில் அந்த நிர்வாக அமைப்பின் கையிலிருந்த வீடுகளை எல்லாம் 2018-ல் கவுன்சிலே திரும்ப எடுத்துக்கொண்டது.

பிரிட்டன் இப்போது கொள்முதல் சட்டத்தை மாற்றியிருக்கிறது. 2023-ல் நிறைவேறிய சட்டம், 2025 பிப்ரவரி 24 முதல் அமலுக்கு வந்தது. எல்லைத் தொகைக்கு மேற்பட்ட வேலையைப் போட்டி வைக்காமல் ஒருவருக்கு நேரடியாகக் கொடுப்பதானால், சில விதிவிலக்குகள் தவிர, கொடுப்பதற்கு முன்னாலேயே பகிரங்க அறிவிப்புப் போட வேண்டும். யாருக்குக் கொடுக்கப்போகிறோம், எந்தக் காரணத்தால் போட்டி வைக்கவில்லை என்று அதில் எழுத வேண்டும்.

எல்லைத் தொகை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் இந்த அறிவிப்பு வேண்டியதில்லை. கிரென்பெல் பைலில் நடந்ததும் எல்லைக்குக் கீழேதான்.

கிரிமினல் நடவடிக்கை? லண்டன் போலீஸ் தனியாக விசாரித்து வந்தது. கமிஷன் அறிக்கையை வரி வரியாகப் படித்து, அரசு வக்கீல்களிடம் பைலை ஒப்படைக்க வேண்டும், யார் மேல் வழக்கு என்ற முடிவு 2026 கடைசிக்கு முன் வராது என்று 2024-லேயே சொல்லிவிட்டார்கள். தீ நடந்து ஒன்பது வருஷம் ஆன பிறகு. அதற்குள் கட்டிடத்தின் மேல் மாடிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.